“ஒண்ணுமில்ல சார்” என்ற பதிலுக்குப் பிறகு

ஏழு பேர் வேலை பார்க்கும் வங்கிக் கிளையில் உதவி மேலாளராக இருக்கும் நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். மூன்று ஆண்டுகளாக உங்களோடு இருக்கும் கடன் பிரிவு அதிகாரி இரண்டு மாதமாக ஆளே மாறிப்போயிருக்கிறார். மதியம் எல்லாரும் டிபன் பாக்ஸைத் திறக்கும் நேரத்தில் அவர் தன் இருக்கையை விட்டு எழுவதில்லை. கணக்கில் கறாரானவர், இப்போது வவுச்சரில் தொகையை மாற்றி எழுதுகிறார். ஒருமுறை விசாரித்தபோது “ஒண்ணுமில்ல சார்” என்றார். சென்ற வாரம் வசூல் கூட்டம் முடிந்து வந்தவர், “விடுங்க சார், எல்லாம் ஒருநாள் முடிஞ்சிடும்” என்றார். மேலாளரோ, “உங்களுக்குத்தான் நல்ல பழக்கம், பேசிப் பார்த்து என்னன்னு எனக்குச் சொல்லுங்க” என்கிறார். பேசலாமா, அது அடுத்தவர் சொந்த விஷயத்தில் மூக்கை நுழைப்பதாகாதா, பேசினால் எப்படித் தொடங்குவது என்பவை உங்கள் கேள்விகள்.

பேசுங்கள், நாளைக்கே பேசுங்கள். “முடிஞ்சிடும்” என்ற அந்தச் சொல் மட்டும் இல்லாதிருந்தால், நல்ல சமயம் பார்த்துப் பேசுங்கள் என்று சொல்லியிருப்பேன்.

நான் மருத்துவன் இல்லை. முப்பத்தொரு ஆண்டுகள் வங்கியில், பெரும்பாலும் சிற்றூர்க் கிளைகளில், வேலை பார்த்து ஓய்வுபெற்ற பிறகு, மனத்துயரோடு தொலைபேசியில் அழைப்பவர்களின் பேச்சைக் கேட்கும் தன்னார்வலராகப் பயிற்சி பெற்று அந்த வேலையைச் செய்துவருகிறேன். கிளைக்குள் ஒரு மனிதர் எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக ஒடுங்கிப்போவார் என்பதை முதல் வாழ்க்கையில் பார்த்தேன். அப்போது என்ன செய்திருக்க வேண்டும் என்பதை இரண்டாவதில்தான் கற்றுக்கொண்டேன்.

முதல் வாழ்க்கையில் நான் செய்த தவறு ஒன்றைச் சொன்னால் மற்றவை எளிதில் விளங்கும். கேஷ் பிரிவில் இருந்த நண்பர் ஒருவர், ஒரு மாலை கணக்கு முடிக்கும் நேரத்தில், நூறு நோட்டுகளை எண்ணிக் காகிதப் பட்டை சுற்றிக்கொண்டே, “ராத்திரியெல்லாம் தூக்கமே வரமாட்டேங்குது, எதுக்கு இந்தப் பொழப்புன்னு தோணுது” என்றார். நானும் எண்ணிக்கொண்டே, “எல்லாருக்கும்தான் இருக்கு, போன டிரான்ஸ்பர்ல நான் படாத பாடா?” என்று தொடங்கி, என் கதையைப் பத்து நிமிடம் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டார், பட்டையில் சுருக்கொப்பம் போட்டார், எழுந்து போனார். அதற்குப் பிறகு என்னிடம் வேலைப் பேச்சைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. நான்கு மாதம் கழித்து நீண்ட விடுப்பில் சென்று, மருத்துவம் பார்த்துத் தேறித் திரும்பினார் என்றாலும், அந்த நான்கு மாதத்தையும் அவர் எனக்கு மூன்றடி தள்ளி உட்கார்ந்து தனியாகவே கழித்திருக்கிறார். நானோ அவருக்கு ஆறுதல் சொன்னதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே எதற்காகப் பேசுகிறீர்கள் என்பதை முதலில் உங்களுக்குள் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். அவருடைய துயரத்தைத் தீர்ப்பதோ, அதற்குப் பெயர் வைப்பதோ உங்கள் வேலை இல்லை. தான் மாறிப்போனதை ஒருவர் கவனித்திருக்கிறார், அதைக் குற்றமாக எண்ணவில்லை, இன்று சொல்லாவிட்டாலும் நாளை அவரிடம் சொல்லலாம் என்ற எண்ணம் அவருக்கு ஏற்பட்டால், முதல் பேச்சு தன் வேலையைச் செய்துவிட்டது. இதற்கு மேல் எதிர்பார்த்துக்கொண்டு போகிறவர்கள்தான் “ஒண்ணுமில்ல” என்ற பதிலைக் கேட்டதும் சோர்ந்து திரும்பிவிடுகிறார்கள்.

தொடங்கும் சொல்லைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் கேவின் லார்க்கின் என்பவர், தற்கொலையில் தந்தையை இழந்த துயரத்திலிருந்து, 2009-இல் ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். உடன் இருப்பவரைப் பார்த்து “நீ நலமா?” என்று உண்மையாகவே கேட்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. கேட்பது, காதுகொடுப்பது, அடுத்த படிக்கு ஊக்குவிப்பது, மறுபடி வந்து விசாரிப்பது என்று அவர்கள் வகுத்த நான்கு படிகளில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. ஆனால் தமிழில் அந்த முதல் கேள்வி அப்படியே பலிக்காது. “நல்லா இருக்கீங்களா?” என்பது நமக்கு வணக்கம் போன்றது, அதற்கு “நல்லா இருக்கேன்” என்பதைத் தவிர வேறு பதில் சொல்வது மரியாதையே இல்லை என்று வளர்ந்தவர்கள் நாம். “ஏன் டல்லா இருக்கீங்க?” என்பது அதைவிட மோசம். அலுவலகத்தில் “ஏன்” என்ற சொல்லுக்கு விளக்கம் கேட்கும் மெமோவின் வாடை உண்டு. ஏன் தாமதம், ஏன் வித்தியாசம், ஏன் வசூல் இல்லை என்று நாள் முழுக்கக் கேட்டவர், இன்னொரு “ஏன்” வந்தால் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பார்ப்பார்.

நீங்கள் கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள். “ரெண்டு மாசமா நீங்க சாப்பிட வர்றதில்ல. நேத்து அந்த ஃபைலைத் திறந்து வெச்சுட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தீங்க. மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு, அதான் கேட்கலாம்னு வந்தேன்.” இதில் தீர்ப்பு எதுவும் இல்லை, மறுத்துப் பேச வேண்டிய குற்றச்சாட்டும் இல்லை. வவுச்சர் தவறுகளை மட்டும் இந்தப் பேச்சில் எடுக்காதீர்கள். அது நியாயமான கவலைதான் என்றாலும், கேட்பவர் காதில் நீங்கள் நண்பராக அல்ல, உதவி மேலாளராக வந்திருக்கிறீர்கள் என்றே விழும்.

இடமும் முக்கியம். கிளைக்கு எதிரே உள்ள டீக்கடை பலருக்கும் முதலில் தோன்றும்; ஆனால் அங்கே நிற்பவர்களில் பாதிப்பேர் உங்கள் வாடிக்கையாளர்கள், அதிலும் சிலர் அவரிடமே கடன் வாங்கியவர்கள். மேலாளர் அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினால் மறுநாளே ஏழு பேரும் பேசுவார்கள். என் அனுபவத்தில் எதிரெதிரே உட்கார்ந்து முகம் பார்த்துப் பேசுவதைவிட, ஒரே திசையில் பார்த்துக்கொண்டு, கை ஏதோ வேலையில் இருக்கும்போது பேசுவதுதான், குறிப்பாக ஆண்களுக்கு, எளிதாக இருக்கிறது. பெட்டகத்துக்கு இரண்டு சாவி, இரண்டு பேர் சேர்ந்துதான் பூட்ட வேண்டும் என்ற விதியைப் போட்டவர்கள் பணத்தின் பாதுகாப்பை மட்டுமே நினைத்திருப்பார்கள். ஆனால் அந்த மாலை நேரத்து நிமிடங்களில் நான் கேட்டறிந்த குடும்பக் கதைகள் கொஞ்சமல்ல. நீங்கள் இருவரும் ஒரே வழியில் வீடு திரும்புபவர்களானால் பேருந்து நிறுத்தம் வரை நடப்பது இன்னும் நல்லது. வாட்ஸ்அப்பில் இந்தப் பேச்சைத் தொடங்க வேண்டாம். அதில் இரண்டு நீலக் குறி தெரிந்து பதில் வராமல் போனால் இருவருக்கும் சங்கடம்.

அடுத்துக் கேட்க வேண்டியது தூக்கத்தைப் பற்றி. டிப்ரஷன் என்றோ மனநோய் என்றோ சொன்ன மாத்திரத்தில் எழுந்துபோகும் ஒருவர்கூட, “ராத்திரி தூக்கம் எப்படி?” என்றால் பதில் சொல்வார். நம் மக்கள் மனத்தின் வலியை உடம்பின் மொழியில்தான் சொல்லிப் பழகியிருக்கிறார்கள்: நெஞ்சு அடைக்குது, தலை பாரமா இருக்கு, வயித்தைப் பிசையுது, கை கால் விட்டுப்போகுது, ஒரு மாதிரி இருக்கு. இவற்றைக் கேட்டு, “கேஸ் டிரபிளா இருக்கும், சீரகத் தண்ணி குடிங்க” என்று சொல்லிவிடுவதும் நம் வழக்கம். நீங்கள் அங்கேயே நின்று, எத்தனை நாளாக, பசி இருக்கிறதா, முன்பு பிடித்த எதிலாவது இப்போது மனம் போகிறதா என்று மெல்லக் கேட்கலாம். இந்த மூன்றும் இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் கெட்டிருந்தால் மருத்துவர்கள் அதைச் சும்மா விடுவதில்லை. உங்கள் நண்பருக்கோ இரண்டு மாதமாகிறது.

அப்படியும் அவர் “ஒண்ணுமில்ல சார்” என்றே சொல்லலாம். முதல் முறை கேட்கும்போது பெரும்பாலும் அதுதான் பதில். கேட்டவர் சம்பிரதாயத்துக்குக் கேட்டாரா, இல்லை நிஜமாகவே கேட்டாரா என்று எடைபோடுவதற்கான அவகாசம் அது. வற்புறுத்தாமல், “சரி, பரவாயில்ல, எப்ப வேணாலும் சொல்லலாம்” என்று விட்டுவிட்டு, மூன்று நான்கு நாள் கழித்து மறுபடி கேளுங்கள். பெரும்பாலானவர்கள் இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்பதே இல்லை. தொலைபேசியில் நான் கேட்டவர்களில் பலர், “ஒருத்தர் ஒரு தடவை கேட்டாரு, இன்னொரு தடவை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்” என்ற பொருள்படப் பேசியிருக்கிறார்கள். உங்கள் நண்பரிடம் நீங்கள் ஏற்கெனவே ஒருமுறை கேட்டுவிட்டதால், இப்போது கேட்கப்போவது இரண்டாவது என்பதும் உங்களுக்குச் சாதகம்தான்.

அவர் பேசத் தொடங்கிவிட்டால் உங்கள் பாடு சிரமமாகும். இடையே விழும் மௌனத்தை நிரப்பாமல் இருப்பது கூட்டல் சரியாக வராத நாளில் பொறுமையாக இருப்பதைவிடக் கடினம். அந்த மௌனத்தில்தான் நம் வாயிலிருந்து பழக்கப்பட்ட வாசகங்கள் வந்து விழும்: எல்லாம் சரியாயிடும், கோயிலுக்கு ஒரு நடை போயிட்டு வாங்க, இதெல்லாம் ஒரு விஷயமா, உங்களுக்கென்ன சார் பேங்க் உத்தியோகம். கடைசியாகச் சொன்னது மிகக் கொடியது. வங்கி வேலையை ஊர் பார்த்துப் பொறாமைப்படும் வரம் என்று எண்ணி வளர்ந்தவருக்கு, தனக்கு அழ உரிமையே இல்லை என்று அது சொல்லிவிடுகிறது. கோயிலுக்குப் போவதில் எனக்கு மறுப்பில்லை, நானும் போகிறவன்தான். ஆனால் அவர் சொல்லி முடிப்பதற்கு முன் அதைச் சொன்னால், “போதும், நிறுத்துங்கள்” என்பதற்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. தெரியாவிட்டால், “இதுக்கு என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல, ஆனா சொல்லுங்க, கேட்கிறேன்” என்று சொல்லலாம். அவர் சொன்னதில் ஒன்றை அவர் சொல்லாலேயே திருப்பிச் சொன்னாலும் போதும்.

இனி, “எல்லாம் ஒருநாள் முடிஞ்சிடும்” என்ற சொல்லுக்கு வருகிறேன். அது வசூல் தொல்லையைப் பற்றிய அலுப்பாகவும் இருக்கலாம். உயிரைப் பற்றியதாகவும் இருக்கலாம். எதுவென்று ஊகிக்காதீர்கள், கேளுங்கள். “அன்னிக்கு முடிஞ்சிடும்னு சொன்னீங்களே, உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுதா?” என்று நேராகவே கேட்கலாம். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற அச்சம் பரவலானது, ஆனால் தவறானது. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாகப் பிறப்பதில்லை என்பதை இத்துறையில் வேலை செய்பவர்கள் அனைவரும் அறிவார்கள். மாறாக, யாரிடமும் சொல்ல முடியாமல் சுமந்ததை ஒருவர் பெயர் சொல்லிக் கேட்டுவிட்டார் என்ற தளர்வே பலருக்கும் ஏற்படுகிறது. “இல்ல சார், அப்படியெல்லாம் இல்ல” என்றால் நல்லது, நீங்கள் கேட்டது வீணாகாது. ஆம் என்றாலோ, பதில் சொல்லாமல் தலை குனிந்தாலோ, அன்று அவரைத் தனியே விடாதீர்கள். என்ன செய்யலாம் என்று முடிவே செய்துவைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். வீட்டில் அவர் நம்பும் ஒருவரை அவருக்குத் தெரியவே அழையுங்கள். முடிவு செய்திருந்தால் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூடவே செல்லுங்கள், தேவையானால் 108-ஐ அழையுங்கள். “யாருகிட்டயும் சொல்லாதீங்க” என்று அவர் கேட்டாலும் இந்த ஒன்றில் மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். “கிளையில் யாருக்கும் சொல்ல மாட்டேன், ஆனால் உங்க உயிருக்கு ஆபத்துன்னா வீட்டில் சொல்லுவேன்” என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். போலீஸ், வழக்கு என்று பயந்து மறைப்பவர்களுக்காக ஒன்று: 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்கிறது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பதை அரசின் கடமையாகவும் ஆக்கியிருக்கிறது.

உயிர் ஆபத்து இல்லாவிட்டாலும் மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ அவர் போக வேண்டியிருக்கும். தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015–16-இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, மனச்சோர்வு, பதற்றம் போன்ற பொதுவான கோளாறுகள் உள்ளவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெறாமலே இருப்பதாகக் கண்டது. உங்கள் நண்பரும் அந்தக் கூட்டத்தில் ஒருவராக இருந்துவிட நேரக்கூடாது. 14416 என்ற எண்ணுக்கு எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபரில் நாடு முழுதும் தொடங்கப்பட்ட டெலி-மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை அது. தமிழக அரசு அதற்கு “நட்புடன் உங்களோடு” என்று பெயர் வைத்திருக்கிறது. அவர் தயங்கினால் நீங்களே முதலில் அழைத்து, “என் நண்பருக்கு இப்படி இருக்கிறது, நான் என்ன செய்ய?” என்று கேட்கலாம். சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கிய சிநேகா அமைப்பு தற்கொலைத் தடுப்புக்காகவே இருப்பது. அதன் எண் 044-24640050. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. “டாக்டரைப் பாருங்க” என்று சொல்லிவிட்டு நகர்வதைவிட, “சனிக்கிழமை நானும் வர்றேன், வெளியே உட்கார்ந்திருக்கேன்” என்று சொல்வது பத்து மடங்கு பலன் தரும். தூக்கத்துக்காகப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு போனால் அப்படியே போகட்டும். மற்றதை மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

அவர் தயங்குவதற்குப் பெரிய காரணம், விஷயம் பைலில் ஏறிவிடும், பதவி உயர்வு போய்விடும் என்ற பயமாக இருக்கும். அந்தப் பயம் முழுவதும் ஆதாரமற்றது என்று நான் சொல்ல மாட்டேன். கிளைகளில் வம்புப் பேச்சு எப்படிப் பரவும் என்பது தெரியும். ஆனால் சட்டம் அவர் பக்கம் இருக்கிறது. மருத்துவரிடம் சொன்னதை, சட்டம் கூறும் சில விதிவிலக்குகளைத் தவிர, அவர் சம்மதமின்றி வெளியிட முடியாது. உடல் நோய்க்கு இணையாக மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு வழங்க வேண்டும் என்று அதே 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பணிக்காலத்தில் ஒருவருக்கு மனநோயால் மாற்றுத்திறன் ஏற்பட்டால்கூட அவரை வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ அரசு நிறுவனங்களுக்கு அதிகாரமில்லை என்பது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு. அரசுடைமை வங்கிகளும் இதில் அடங்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, பேச்சின் எல்லையையும் சொல்லத்தான் வேண்டும். கடன் பிரிவில் இருப்பவரின் துயரம் அவர் மனத்துக்குள்ளிருந்து மட்டும் வருவதில்லை. தவணை 90 நாள் தவறினால் கணக்கு வாராக்கடனாகும். வாராக்கடனானால் கடன் கொடுத்த அதிகாரியின் பொறுப்பு விசாரிக்கப்படும். மூன்று பேர் பார்க்க வேண்டிய வேலையை ஒருவர் பார்த்தால் தவறு நேரும். இதையெல்லாம் அப்படியே வைத்துக்கொண்டு, அவருக்குத் தியான வகுப்பும் நல்ல வார்த்தையும் மட்டும் கொடுப்பது, ஓட்டை வாளியில் தண்ணீர் ஊற்றும் வேலை. உலகச் சுகாதார நிறுவனம் பணியிட மனநலம் குறித்து 2022 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலும், வேலைச்சுமை போன்ற பணிச் சூழலை மாற்றுவதைத்தான் வலியுறுத்துகிறது; மேலாளர்களுக்குப் பயிற்சி தரவும் சொல்கிறது. உங்கள் கையில் பெரிய அதிகாரம் இல்லை. ஆனால் உதவி மேலாளரால் முடிந்தவை சில உண்டு: வசூல் தொலைபேசி அழைப்புகளை இரண்டு வாரத்துக்கு வேறொருவருக்கு மாற்றலாம், அவர் தயாரிக்கும் கணக்கை அனுப்பும் முன் இன்னொருவர் சரிபார்க்க ஏற்பாடு செய்யலாம், எல்லார் எதிரிலும் எண்களைப் படித்துக்காட்டி ஒருவரை நிற்க வைக்கும் வழக்கத்தை உங்கள் கிளையிலாவது நிறுத்தச் சொல்லலாம். எதை மாற்றினாலும் அவரைக் கேட்டு மாற்றுங்கள். கேட்காமல் வேலையை எடுத்துவிட்டால், “என்னால முடியாதுன்னு முடிவு பண்ணிட்டாங்க” என்றே அவர் எடுத்துக்கொள்வார்.

கடைசியாக, மேலாளர் உங்களிடம் கேட்ட விஷயம். “பேசிப் பார்த்து என்கிட்ட சொல்லுங்க” என்பதற்கு ஒத்துக்கொண்டு நண்பரிடம் போகாதீர்கள். அது ஒருநாள் தெரியவரும், தெரிந்த அன்றோடு நீங்களும் அவருக்கு இல்லாமல் போவீர்கள். போவதற்கு முன்பே மேலாளரிடம் மரியாதையாகவே சொல்லிவிடலாம்: “சார், நான் பேசறேன். ஆனா அவர் என்ன சொன்னார்ங்கிறதை அவர் சம்மதிச்சாத்தான் உங்ககிட்ட சொல்ல முடியும். வேலையில என்ன மாத்தினா அவருக்கு உதவும்ங்கிறதை மட்டும் அவரைக் கேட்டுட்டு வந்து சொல்றேன்.” நல்ல மேலாளராக இருந்தால் அதுவே தனக்கும் போதுமானது என்பதைப் புரிந்துகொள்வார். புரியாதவராக இருந்தால், அவர் கேட்கும்போதெல்லாம் இதையே திரும்பச் சொல்லுங்கள்.